சுவருக்கு அந்தப் பக்கம்

பூட்டனாரின் கல்லறையை வருடக்கணக்காகத் தேடிய சவரிராயனுக்குப் பழைய உயில் ஒன்றுதான் இடத்தைக் காட்டிக்கொடுத்தது: வாகைமரத்தடி. வாகைமரம் நின்றதோ கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம். கீழ்ச்சாதிக் கல்லறைகள் கண்ணில்கூடப் படக்கூடாதென்று போன வருடம் அவரே முன்னின்று உயர்த்திக் கட்டிய சுவர். யாரும் பார்க்காதபடி சுற்றிக்கொண்டு போனார். புதிதாகச் சுண்ணாம்படித்த கல்லறையில் பூட்டனாரின் பெயர் இருந்தது. அதன்மேல் சாமந்தி வைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"எங்க பூட்டன்தாங்க. நீங்க யாரு?"

"வழி தவறி வந்துட்டேன்."

"அதனாலென்ன, கல்லறைத் திருநாளும் அதுவுமா வந்திருக்கீங்க. ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போங்க."

"கொண்டு வரலையேம்மா" என்றார் சவரிராயன். ஜிப்பாப் பைக்குள் அவர் இறுக்கிப் பிடித்திருந்த மெழுகுவத்தி கைச்சூட்டில் இளகி வளைந்துகொண்டிருந்தது.