மிச்சப் பாதி

படாரென்று கதவைத் திறந்துகொண்டு வந்தார் ஹால்வர்சன். அமெரிக்காவில் அந்த நெப்ராஸ்கா மாநிலப் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியை. வந்த வேகத்தில் மைக்கை அணைத்தார்.

வெளியே கொடிக்கம்பம் வரை ஒலிபெருக்கியில் கேட்கும் காலை அறிவிப்பில், தினமும் சொல்லும் கொடி உறுதிமொழியை ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டிருந்த மாணவி யெசேனியா, பாதியில் நின்றாள். நெஞ்சில் வைத்த கை அப்படியே இருந்தது.

"யாரைக் கேட்டு ஸ்பானிஷ்ல சொன்னே? இன்னும் அஞ்சு நிமிஷத்துல ஊரே போன் பண்ணி என்னை வறுத்தெடுக்கும்!"

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மேடம், ப்ளீஸ். அர்த்தம் ஒண்ணுதானே?"

"அர்த்தம் ஒண்ணுதான். ஆனா இந்தக் கொடிக்காக உயிரைக் குடுத்தவங்க இருக்காங்க. அவங்களைப் பெத்தவங்க இதைக் கேட்டா மனசு என்ன பாடுபடும்?"

யெசேனியா வெளியே கொடிக்கம்பத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்கிலீஷ்ல முழுசா சொல்லு. இல்லேன்னா வேற யாராவது சொல்லட்டும்."

மைக்கை மறுபடி போட்டு, இங்கிலீஷில் முழுவதும் சொன்னாள்.

ஹால்வர்சன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மாணவர்களெல்லாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். கொடிக்கம்பத்தடியில் ஒரு பெண் மட்டும் நெஞ்சில் கை வைத்து, அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தாள்.

"யாரது? உறுதிமொழிதான் முடிஞ்சிருச்சே, இன்னும் ஏன் நிக்கிறாங்க?"

"எங்கம்மா, மேடம். அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, மிச்சப் பாதி வரும்னு நிக்கிறாங்க. இன்னிக்கு நான் ஏத்தின கொடி, போன மாசம் பட்டாளத்திலேருந்து வந்த எங்கண்ணன் சவப்பெட்டி மேல போத்தியிருந்தது."