வெறும் வாசல்

வாசல்தோறும் பதித்திருக்கும் ஒளிக்கோலம் காற்றைப் பார்த்துத்தான் பூக்கும். காற்று நன்றாக இருந்தால் வாசல் நிறைய விரியும், கெட்டால் சுருங்கும். இன்று மணலியில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

பூங்காவனத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அடுப்படிக்கும் வாசலுக்கும் பத்து முறை நடந்துவிட்டாள்.

"வெறும் வாசலப் பாத்தா எழவு வீடுன்னு திரும்பிப் போயிருவாங்கங்க."

"தெருவுல ஒருத்தர் வாசல்லயும்தான் வரல. எல்லார் வீட்லயும் எழவா?" என்றார் கணவர்.

அவள் காதில் ஏறவில்லை. பழைய கோலமாவு டப்பாவைத் தேடியெடுத்து, ஒளிக்கோலம் போலவே வாசலடைக்க ஒன்றைப் போட்டு நிமிரவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

எல்லோரும் மாஸ்க்கோடு இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அக்கா இடுப்பில் கைக்குழந்தை, அதற்கும் குட்டி மாஸ்க்.

"அம்மா, தெருவே மொட்டையா கெடக்கு, இங்க மட்டும் கோலம் எவ்ளோ பெருசு பாரேன்! இவங்க வீட்டுக் காத்து சுத்தமா இருக்கு. பாவம், புள்ள கொஞ்சம் மூச்சு விடட்டும்."

அவள் விரல் குழந்தையின் காதோரம் போனது.

"கழட்டாதம்மா!"

பூங்காவனம் ஓடிவந்து, நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் கண்ணெதிரிலேயே, கோலத்தைக் காலால் அழித்தாள்.