பொட்டு வைத்த கியர்

காலையில்தான் பழுது பார்த்து வந்த படகு மோட்டாரை, மத்தியானமே அவன் கழற்ற உட்கார்ந்துவிட்டான்.

ஓடவில்லை என்றில்லை. வெண்ணெய் மாதிரி ஓடியது. அதுதான் அவனுக்கு உறுத்தியது.

மெக்கானிக் அசலார் யாருமில்லை, தங்கை புருஷன்தான். அதனாலேயே சந்தேகம் இரட்டிப்பு.

மோட்டாரின் அடிப்பாகத்தில் மூன்று கியர். படகை முன்னே தள்ள ஒன்று, பின்னே இழுக்க ஒன்று, அவை இரண்டையும் சுற்றிவிடச் சின்னதாக ஒன்று. முன் கியர் பல் போய் வழுக்கியது. மூன்றும் சேர்ந்து தேய்ந்தவை, ஒன்றை மட்டும் மாற்றினால் நடுத்தண்ணீரில் காலை வாரிவிடும் என்றார் மாப்பிள்ளை. கெட்டது ஒன்று, மாற்றுவது மூன்றா என்று இவன் ஒரே பிடியாக மறுத்துவிட்டான்.

அப்பா காலத்து மோட்டார். இதற்குக் கியர் கிடைப்பது குதிரைக்கொம்பு. நல்ல கியர் இரண்டையும் வேறு யாருக்காவது போட்டுவிட்டு, ஓரத்தில் கிடக்கும் குப்பையை இதில் திணித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அதனால்தான், மாப்பிள்ளை இவனுக்கு டீ வாங்கப் போன நேரம் பார்த்து, அந்த இரண்டின் முதுகிலும் மனைவியின் நகப்பாலிஷில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்திருந்தான்.

“சொந்தத் தங்கச்சி புருஷன்கிட்டயா உங்க போலீஸ் வேலை?” என்றாள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி.

அவன் ஸ்பேனரை எடுத்தான். பொட்டு மட்டும் இல்லாமல் போகட்டும், இனி தங்கை வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை என்று முடிவே கட்டியிருந்தான்.

எண்ணெயைப் பேசினில் வடித்தான். புரொப்பல்லரைக் கழற்றித் தண்டை இழுத்தான். பின் கியரும் கூடவே வந்தது. மெல்லிய வாஷர்கள் சில நழுவி எண்ணெய்க்குள் விழுந்தன. எதற்குமேல் எது இருந்தது என்று அவன் பார்க்கவில்லை.

பொட்டு இருந்தது.

ஆனால் சிவப்பு இல்லை. ரோஸ் நிறம், அதில் மினுமினுப்பு வேறு.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். சின்ன கியரிலும் அதே மினுமினுப்பு.

அந்த நிறத்தை அவனுக்குத் தெரியும். போன வாரம் தங்கையின் கால் விரல்களில் பார்த்ததுதான்.

அப்படியானால் புருஷனும் பெண்டாட்டியும் கூட்டு. கூடப் பிறந்தவளுமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று போனை எடுத்து அழுத்தினான்.

மணி அடித்துக்கொண்டிருந்தபோது, மாற்றித் திணித்த குப்பையை இன்னொரு தரம் பார்ப்போமே என்று துணியால் அந்தக் கியரைத் துடைத்தான்.

பல் விரலைக் கீறியது.

அவன் கொடுத்த கியரின் பல்லெல்லாம் மழுங்கியிருந்தது. இது புத்தம் புதுசு. டார்ச்சைத் திருப்பினான். உள்ளே சின்னதும் புதுசு. மாப்பிள்ளை வாங்கியதோ ஒரு கியருக்கான காசு மட்டும்.

பேசினைப் பார்த்தான். வாஷர்கள் எண்ணெய்க்கடியில் தாறுமாறாகக் கிடந்தன. அவற்றை எந்த வரிசையில் கோர்ப்பதென்று அவனுக்குத் தெரியாது. விடிந்தால் அக்கரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இவன் படகுக்காகத் துறையில் வந்து நிற்பார்கள்.

போனை வைத்துவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

“திறந்துட்டீங்களா மச்சான்? சாயங்காலம்தான் கூப்பிடுவீங்கன்னு நெனச்சோம். எதையும் தொடாதீங்க, இதோ வந்துட்டோம்.”