பதினேழு அடுப்பு

"என்னக்கா, விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, இன்னும் அடுப்பு பத்த வைக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே ஓரகத்தி வீட்டுக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள் அவள். கையிலிருந்த சட்டியில் கங்கு கனன்றுகொண்டிருந்தது.

உள்ளே இருந்து பதில் வரவில்லை. ஓரகத்திக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடம் ஆகிறது, அதனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரே சமையலறைக்குப் போய், அடுப்பில் கங்கைக் கொட்டி, சுள்ளி அடுக்கி, கண் எரிய எரிய ஊதினாள்.

அடுத்தது தையல்காரர் வீடு. அங்கே அடுப்பை மூட்டிவிட்டு, வாசல் கயிற்றில் ஒரு சட்டையையும் பாவாடையையும் தொங்கவிட்டாள். அடைமழையில் துணி காயப்போடுகிறவளைப் பார்த்து ஊரே சிரித்திருக்கும். ஆனால் சிரிக்க ஊர் வேண்டுமே. மலை உச்சியில் பதினேழு வீடு இருந்தது, ஆள் இருந்தது இரண்டே பேர். அவளும் அவள் கணவனும்.

மற்றவர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். போகும்போது எல்லாரும் திரும்பி வருவதாகத்தான் சொன்னார்கள். சொல்வதற்கென்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறோம்.

எல்லா அடுப்பையும் மூட்டிவிட்டு, கரிபிடித்த முகத்தோடு தன் வீட்டுக்கு வந்தாள். கதவோரக் கட்டிலில் கணவன் படுத்திருந்தான். மண்சரிவில் சுவர் விழுந்து நசுங்கிய கால் முழங்கால் வரை கறுத்துப்போயிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

காலை எடுத்தாவது ஆளைக் காப்பாற்றிவிடலாம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால். முன்பெல்லாம் டோலி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். இப்போது தூக்கவும் ஆளில்லை, இறங்கப் பாதையும் இல்லை, அது மண்ணோடு போய்விட்டது. மலையில் சிக்கியவர்களைத் தேடி ஹெலிகாப்டர் வரும் என்றும், மழை இந்த வாரம் முழுக்க விடாது என்றும் ரேடியோ சொல்லியிருந்தது. அவனுக்கு ஒரு வாரம் கிடையாது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"எதுக்கு இப்படி வீடு வீடா ஓடுற? நம்ம வீட்டுப் புகை ஒண்ணு போதாதா?" என்றான் கணவன்.

"ஒத்தை வீட்டுப் புகைக்கு எவன் இறங்குவான்? யாரோ ஆடு மேய்க்கிறவன் கஞ்சி காய்ச்சுறான்னு நெனச்சுட்டுப் போயிடுவான்."

அது அவனுக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகள் குறைந்துவிட்டதென்று பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். ஊசி போட வந்த நர்ஸம்மாவும் அதே காரணத்தால் நின்றுபோனாள். சாய்ந்த கரண்ட் கம்பத்தை நிமிர்த்தச் சொல்லிக் கீழே ஆபீசுக்குப் போன இவளை, "ரெண்டு பேருக்காகவா மலை ஏறச் சொல்ற?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கேள்வி இன்னும் அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

"பதினேழு வீட்டுக்கும் ஒரே மருமக நீதான் போ" என்று சிரிக்கப் பார்த்தான் அவன். சிரிப்பு இருமலாகிவிட்டது.

"பேசாம படுங்க. பேசினா மூச்சு வாங்குது."

"சரி, வந்தவங்க மத்த ஆளெல்லாம் எங்கன்னு கேட்டா?"

"மொதல்ல எறங்கட்டும். எறங்கினவன் உங்க காலைப் பார்த்துட்டு விட்டுட்டா போயிடுவான்? அப்புறம் என்மேல கேஸு வேணும்னாலும் போடட்டும்."

மேகத்துக்குள் எங்கோ படபடவென்று கேட்டது. அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் ரொம்ப கம்மியா இருக்கே. போன வெள்ளத்துல வந்தது மலையையே உலுக்குச்சு" என்றான் அவன்.

"எதுவா இருந்தா என்ன, வந்துச்சுல்ல."

அடுப்புகளுக்குப் பச்சைத் தழையை அள்ளிப் போட்டுக்கொண்டே ஓடினாள். ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை திரண்டு எழுந்தது. ஊர் நிறைந்திருந்த காலத்தில்கூட அவ்வளவு புகையை அவள் பார்த்ததில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் நின்று முந்தானையை அவிழ்த்து வீசினாள்.

ஹெலிகாப்டர் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. புல் படுத்துவிடும் அளவுக்குத் தாழ்ந்து வட்டமடித்தது. உள்ளே இருந்தவர் கையை நீட்டி ஒவ்வொரு கூரையாகக் காட்டுவது அவளுக்குத் தெரிந்தது. பார்த்துவிட்டான், எல்லா வீட்டையும் பார்த்துவிட்டான் என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்த மழையிலும் கண்ணீர் சூடாக இறங்கியது.

ஆனால் ஹெலிகாப்டர் தரையிறங்கவில்லை. மெல்ல மேலே எழும்பியது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயப்படாதீங்கம்மா. எல்லா வீட்டுலயும் ஆள் இருக்குறதைப் பார்த்துட்டோம். மழை விட்டதும் பெரிய ஹெலிகாப்டர் வந்து மொத்த ஊரையும் ஏத்திக்கும்."

"ஐயா, யாருமே இல்லைங்க" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். விசிறியின் இரைச்சல் அதை அப்படியே விழுங்கிவிட்டது. முட்டி போட்டு, தன் வீட்டைக் காட்டிக் காட்டிக் கும்பிட்டாள்.

"எல்லார்கிட்டயும் பக்குவமா சொல்லிடுங்கம்மா. இப்ப இறங்கினா ஊரே ஓடி வந்து முண்டியடிக்கும், அப்புறம் வண்டியே கவிழ்ந்துடும்" என்றது குரல். "இதுல ரெண்டு பேருக்குத்தான் இடம்."