நலமான ஆறு பேர்

"விளக்கைப் போட்டுட்டு போனைப் பார்த்துட்டு இருந்திருப்பே. வேற எப்படி ஆகும்?" என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம்.

விளக்குப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படி இல்லை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மறுபடி சொல்லத் தெம்பில்லை.

அந்த ஆய்வுக்கூடத்தில் மனிதத் தோலின் செல்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தார்கள். செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ் நோயாளிகளின் தோல் ஒரு வரிசை, நோயில்லாதவர்களின் தோல் இன்னொரு வரிசை. இரண்டின் மேலும் புற ஊதா வெளிச்சத்தைக் காட்டி, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த கன்னாபிடியால் என்ற மருந்தைச் சொட்டுவிட்டு, எந்தத் தட்டில் எரிச்சல் அடங்குகிறது, எது சீறுகிறது என்று பார்ப்பார்கள்.

நலமானவர்களின் தோல் மருந்து பட்டதும் அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆறு தட்டுகளில் நான்கில் அடங்கியது. மூன்றாம் தட்டும் ஐந்தாம் தட்டும் மட்டும் நோயாளிகளின் தோலைப் போலவே சீறிக்கொண்டிருந்தன.

வெளிச்சம் கூடிப்போனாலும் அப்படி ஆகலாம். ஒவ்வொரு தட்டாக வெளிச்சம் காட்டியவள் விளக்குப் பெண். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

தொட்டில்காரர் வாயைத் திறக்கவில்லை. செல்கள் வளரும் வெதுவெதுப்பான பெட்டியைக் கைக்குழந்தை போல் பார்த்துக்கொள்வதால் அவருக்கு அந்தப் பெயர். மூன்றாம் தட்டு அவருடையது.

நலமான தோல் கொடுக்க வெளியாட்கள் கிடைக்காதபோது, நாமே கொடுக்கலாமே என்றவர் மேடம்தான். சொன்னதோடு நிற்காமல் முதல் ஆளாகக் கையையும் நீட்டினார். அதற்குப் பிறகு யாரால் மறுக்க முடியும்? டிரைவர், கணக்கர், வாசல் காவலர், நூலகத்து அம்மா, கடைசியாகத் தொட்டில்காரர்.

டிரைவர் மட்டும் பேரம் பேசினார். தோல் தருகிறேன், பதிலுக்கு அந்தக் கஞ்சா மருந்தில் ஒரு சொட்டை என் டீயில் விடுங்கள் என்றார். "அதுல போதை வராதுண்ணே. உங்களுக்கு இருக்கறதும் தெளிஞ்சிடும்" என்று விளக்குப் பெண் சொல்ல, கூடமே சிரித்தது.

நர்ஸ் ஆளுக்குப் பயறளவு தோலைக் கையிலிருந்து எடுத்தார். அவரவர் தட்டின் எண்ணை அவரவரிடம் மட்டும் தனியாகச் சொன்னார். அடுத்தவர் எண் யாருக்கும் தெரியக் கூடாது என்பது அங்கே முறை. தோலில் ஏதாவது தொந்தரவு உண்டா என்றும் எல்லோரையும் கேட்டார். தொட்டில்காரர் இல்லை என்றார்.

கை சுத்தமாகத்தான் இருந்தது. முதுகுதான் செதில் செதிலாக இருந்தது. சுத்தமாகத் தெரிகிற தோலுக்குள்ளும் அந்த நோய் குடியிருக்கும் என்று, தோலையே வளர்க்கிறவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கொடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே.

அந்த முதுகை அறிந்தவள் அவர் மனைவி ஒருத்திதான். களிம்பைத் தடவிக்கொண்டே, மீனுக்கு இல்லாத செதிலா என்று கிண்டல் செய்வாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு அவர் மரக்கரண்டியின் பின்பக்கத்தில் களிம்பை எடுத்து, எட்டிய மட்டும் பூசிக்கொண்டார். எட்டாத இடம் எட்டாமலே கிடந்தது.

விளக்குப் பெண் தன் குவளையையும் குடையையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தொட்டில்காரர் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே, நான் நேரத்துக்கு அணைச்சேண்ணே."

"தெரியும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குக் காது மடல்கள் சுட்டன. இவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வாள்? இனி எந்த ஆய்வுக்கூடம் இவளைச் சேர்க்கும்? அவளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு மேடத்தின் அறைக்குள் போனார்.

திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார். ஒரு பெண்மணி முன்னால் இப்படி நிற்கிறோமே என்று உடம்பு கூசியது. ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிடச் சுவரைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

"மூணாவது தட்டு என்னோடது மேடம். எனக்குச் சொரியாசிஸ் இருக்கு. நர்ஸ் கேட்டப்போ மறைச்சிட்டேன். அந்தப் பொண்ணை அனுப்பாதீங்க, என்னை அனுப்புங்க."

மேடத்துக்கு அருவருப்பாக இருக்கும் என்று நினைத்தார். எந்த மனிதருக்கும் இருக்கும்தான்.

"அஞ்சாவது தட்டு ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியலை," என்றார், பொய் சொன்ன வாய் இனி எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்து. "ஆனா அவ நல்லா வேலை செய்யற பொண்ணு மேடம்."

"சட்டையைப் போடுங்க," என்றார் மேடம். எழுந்து கதவைத் திறந்து விளக்குப் பெண்ணைக் கூப்பிட்டார்.

தொட்டில்காரர் அவசர அவசரமாகப் பொத்தான்களை மாட்டினார். இப்போது இவளுக்கும் தெரிந்துவிடும், நாளைக்கு டிரைவருக்கும் காவலருக்கும் தெரிந்துவிடும் என்று கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டார்.

பெண் பையைத் தோளில் மாட்டியபடி வாசலிலேயே நின்றாள். மேடம் அவளை உள்ளே உட்காரச் சொன்னார், தான் உட்காரவில்லை. முழங்கையை மறைக்க இழுத்துவிட்டிருந்த கோட்டின் கையைப் பிசைந்துகொண்டே நின்றார். பிறகு சொன்னார்:

"அஞ்சாவது தட்டு என்னோடதும்மா."