சிவப்பு வட்டம்

கவிஞர் சவரியப்பன் வீட்டுத் தரையில் மகிழ்நன் வரைபடத்தை விரித்தான். நண்பர்களோடு ஆறு மாத நடைப்பயணம். கவிதை வாசிக்கும் ஊர்களுக்கு நீல வட்டம், கவிஞர்களின் கல்லறைகளுக்குச் சிவப்பு. வழி கேட்கத்தான் வந்திருந்தான். எல்லாக் கவிஞர்களின் இழவுக்கும் போனவருக்கு எந்தக் கல்லறை எங்கே என்பது அத்துப்படி.

கடைசி வட்டத்தில் அவர் விரல் நின்றது. அவருடைய ஊரின் மேல் சிவப்பு.

"இங்க யாரு கல்லறை இருக்கு தம்பி?"

மகிழ்நன் தலையைக் குனிந்துகொண்டான். "நாங்க வந்து சேர கல்லறைத் திருநாள் ஆயிடுங்கய்யா. டாக்டர் சொன்னத உங்க மகன் சொன்னாரு..."

"நீலம் போட்டா நானே வாசிப்பேனே."

"வாசிக்கிறவங்க பட்டியல் முடிஞ்சிருச்சுங்கய்யா."

சவரியப்பன் சிவப்புப் பேனாவை வாங்கினார். "கல்லறைத் தோட்டம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்ல இருக்கு" என்று பழைய வட்டத்தை அடித்துவிட்டுச் சரியான இடத்தில் போட்டுக் கொடுத்தார்.