ரெண்டு அழுத்து

வலது கையை எபநேசரிடம் கொடுத்துவிட்டு, கபடிக் களத்தின் இடது மூலையில் நின்றான்.

கொடுத்தது தெரிந்தது. எபநேசர் பிடித்திருப்பது தெரியவில்லை.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம். இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி.

கோட்டுக்கு அந்தப் பக்கம், பாடி வரப்போகிற ரெய்டர் குனிந்து தொடையைத் தட்டினான். உயரமான ஆள். மூச்சுக் கட்டுவதற்கு முன்னால் அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"இந்தவாட்டியாச்சும் புடிச்சுருவீங்களா, பெருசு?"

முப்பத்து நான்கு வயதுப் பெருசு.

பதினைந்து வருடமாகக் கபடியில் மூலைதான் அவனுக்கு. பாடிப் போகிறவன் படம் பேப்பரில் வரும். படத்தின் ஓரத்தில், கணுக்காலைக் கட்டிக்கொண்டு ஒரு முதுகு தெரியும். அந்த முதுகு அவனுடையது. மூன்று அணி மாறிவிட்டான். முட்டியில் இரண்டு தடவை கத்தி வைத்தார்கள். குதிகால் பட்டுப் பட்டு ஒரு காது சப்பையாகிவிட்டது.

அதெல்லாம் வெளியில் தெரிகிற காயம். அதற்காக யாரும் அவனை உட்கார வைத்ததில்லை.

தெரியாதது ஒன்று இருந்தது. போன மாதம் பயிற்சியில் ஒருவன் முழங்கால் அவன் பிடரியில் இறங்கியது. மறுநாள் டீக்கடையில் வலது கையில் கிளாசைப் பிடித்துக்கொண்டு நின்று பேசிவிட்டு வந்தான். கொப்புளம் வந்த பிறகுதான் டீ கொதித்திருக்கிறது என்று தெரிந்தது. டாக்டர் கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்தார். இன்றோடு ஆட்டத்தை விட்டுவிடு என்றார்.

விடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

இந்த ஆட்டம் முடிந்ததும் கம்பெனி அணியில் பன்னிரண்டு பேருக்கு வேலை நிரந்தரம். பட்டியல் கோச் தளவாயின் சட்டைப்பையில் இருந்தது. அதில் பேர் இல்லையென்றால் நாளையிலிருந்து அவனுக்கு வேலையும் இல்லை, கபடியும் இல்லை. பிடிப்பதைத் தவிர வேறு எதுவும் அவன் கற்றுக்கொள்ளவில்லை.

பிடிக்கிறவர்கள் களத்தில் பேசிக்கொள்ள முடியாது. எதிராளிக்குக் கேட்டுவிடும். கையால்தான் பேச்சு.

ஒரு அழுத்து என்றால், நான் பாய்கிறேன், நீ நில்.

ரெண்டு அழுத்து என்றால், நீ காலைப் பிடி, நான் மேலே விழுகிறேன்.

மூன்று வருடமாக எபநேசர்தான் அழுத்துகிறான். "எம் பொண்டாட்டி கையக்கூட இம்புட்டு நேரம் புடிச்சதில்லண்ணே" என்பான்.

அழுத்தும்போது எபநேசரின் முன்கையில் ஒரு நரம்பு எழும்பும். ஒரு மாதமாக அந்த நரம்பைப் பார்த்துத்தான் அவன் ஆடினான். கோச்சுக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்திருந்த எபநேசருக்கே தெரியவில்லை.

ரெய்டர் கோட்டைத் தாண்டினான்.

கபடி கபடி கபடி.

வலப்பக்கம் போகிற மாதிரி போனான். சட்டென்று மூலைக்குத் திரும்பினான். கால் முன்னால் வந்தது. கைக்கு எட்டுகிற தூரம்.

அவன் கண் காலுக்குப் போய்விட்டது.

நரம்பைப் பார்க்கவில்லை.

பாய்ந்தான்.

எபநேசரும் பாய்ந்திருந்தான்.

அவன் தலை எபநேசரின் கழுத்தில் மோதியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ரெய்டர் இரண்டு பேர் மேலும் தடுக்கி விழுந்தான். மற்றவர்கள் ரெய்டர் மேல் விழுந்து அமுக்கினார்கள். விசில். புள்ளி. கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

எல்லாரும் எழுந்தார்கள்.

எபநேசர் எழவில்லை.

ஒருக்களித்துக் கிடந்தான். கண் மட்டும் அசைந்தது. கழுத்தைத் தொடாதீர்கள் என்று கத்திக்கொண்டே பிசியோ ஓடிவந்தார். உள்ளங்காலில் கிள்ளினார். தெரியுதா என்றார். இன்னும் கொஞ்சம் மேலே கிள்ளினார். எபநேசர் கண்ணைத் திருப்பினான். அவனைத்தான் பார்த்தான்.

"ஒண்ணுதானண்ணே அழுத்துனேன்?"

கேள்வியாகத்தான் கேட்டான். தன் மேல்தான் அவனுக்குச் சந்தேகம்.

கோச் வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் எப்படில ஒரே காலுக்குப் போனீங்க? எத்தன அழுத்துனான்?"

மற்ற ஐந்து பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சர் வந்துகொண்டிருந்தது.

ஒன்று என்றால், அப்புறம் ஏன் பாய்ந்தாய் என்பார். கையை நீட்டு என்பார்.

"ரெண்டு" என்றான்.

எபநேசரின் கண் விளக்குகளுக்குப் போனது.

"அப்ப எந் தப்புதான் சார்" என்றான். "அண்ணன ஏசாதிய."

தூக்கிக்கொண்டு போனார்கள். கோச் அவன் முதுகில் தட்டினார். "நீ நில்லு. ஒன்ன மாத்தல."

எபநேசர் இடத்துக்குத் தங்கமாரி வந்தான். எட்டு ஆட்டமாகப் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தவன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கறுப்பு உறை போட்டிருந்தான். உள்ளங்கையை டவுசரில் துடைத்துவிட்டு அவன் கைக்குள் வைத்தான்.

எதிரணியில் வேறொருவன் தொடையைத் தட்டிக்கொண்டு கோட்டுக்கு வந்தான்.

தங்கமாரி தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"இம்புட்டு அழுத்துனாப் போதுமாண்ணே?"

எப்போது அழுத்தினான்?

"போதும்" என்றான்.